வாப்பாவுக்குப் புரியாத பந்தயம்

எங்கள் பக்கம் சைக்கிளோட்டம் என்றால் ஒரே கணக்குத்தான். கல்முனையில் புறப்பட்டுக் காரைதீவுச் சந்தியை முதலில் தொட்டவன் வென்றான். கெரியரில் கட்டிய மீன்பெட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு ஓட வந்த காக்காமாரும் உண்டு.

2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கை ரீவியில் பார்த்த வாப்பா கேட்டார்: "என்ன மகன் இது, முன்னுக்கு வந்தவன் வெல்லல்லயா?"

அது புள்ளி ஓட்டம். 250 மீற்றர் தடத்தில் 160 சுற்று; மொத்தம் 40 கிலோமீற்றர். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை கோட்டைக் கடக்கும் முதல் நால்வருக்கு 5, 3, 2, 1 என்று புள்ளி. கூட்டத்தை ஒரு முழுச் சுற்று முந்தினால் 20. காலோடு தலையும் ஓட வேண்டிய பந்தயம். அன்று வென்ற ஸ்பெயின்காரர் ஜொவான் யனேராஸுக்கு வயது 39. 2000இல் சிட்னியிலும் அவரே வென்றிருந்தார்.

1984இல் லொஸ் ஏஞ்சல்ஸில் ஆண்களுக்கும், 1996இல் அட்லாண்டாவில் பெண்களுக்கும் இது ஒலிம்பிக் பந்தயமானது. 2012இல் தனிப் பதக்கத்தைப் பறித்து, ஒம்னியம் என்ற கூட்டுப் போட்டியின் ஒரு துண்டாக்கினார்கள். அநியாயம் என்றே சொல்வேன். 2022 பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் இதற்குத் தனிப் பதக்கம் இருந்தது.