மழலையர் வளர்ச்சிப் பதிவு

மழலையர் வளர்ச்சிப் பதிவு என்பது, பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்பவர்கள் அவர்களுடைய உடல் வளர்ச்சி, பேச்சு, விளையாட்டு, பழகும் விதம், கற்றல் ஆகியவற்றைத் தொடர்ந்து குறித்துவைக்கும் பணி. தமிழ்நாட்டில் இதன் பெரும்பகுதி அங்கன்வாடிகளில் நடக்கிறது. மாநிலத்தில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. ஊர்ப்பேச்சில் இவை இன்றும் பால்வாடிதான். தேனி மாவட்டத்தில் வீரபாண்டி தொடங்கிக் கம்பம், கூடலூர் வரையுள்ள ஊர்களில் பெண்கள் நெல் வயலுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் வேலைக்குப் போகிறார்கள். ஜீப்பில் மலையேறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களும் உண்டு. பகலில் பிள்ளை என்ன செய்தது என்பதை அந்தத் தாய்க்குச் சொல்லக்கூடியவர்கள் வீட்டிலிருக்கும் பாட்டியும் பால்வாடி டீச்சரும்தான். ஆகவே டீச்சர் எழுதுவது மேலிடத்துக்குப் போகும் கணக்காக மட்டும் நின்றுவிடக் கூடாது.

எடைப் பதிவு

பிள்ளையை மாதந்தோறும் நிறுத்து, எடையை வரைபடத்தில் புள்ளியாக வைக்கும் முறை நைஜீரியாவின் இமேசி கிராமத்தில் டேவிட் மோர்லி என்ற மருத்துவர் உருவாக்கிய அட்டையிலிருந்து உலகெங்கும் பரவியது. இந்தியாவில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கியபோது இம்முறையும் அதில் இடம்பெற்றது. மதுரை, தேனி மக்களுக்கு இதைவிட நெருக்கமான வரலாறு ஒன்று உண்டு. உலக வங்கி உதவியுடன் நடந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான் முதலில் செயல்பட்டது. தேனி அப்போது மதுரை மாவட்டத்துக்குள் இருந்தது.

ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை அத்திட்டப் பணியாளர்கள் மாதம் ஒருமுறை நிறுத்தார்கள். எடை போதிய அளவு ஏறாத பிள்ளைக்கு 90 நாள் கூடுதல் உணவு கொடுத்தார்கள்; ஏறியதும் நிறுத்திவிட்டு, தொடர்ந்து கண்காணித்தார்கள். யாருக்கு எப்போது உணவு என்பதை அந்த வரைபடமே தீர்மானித்தது. பதிவு எழுதுவதற்கு ஒரு பயன் இருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டுக் கிராமப் பெண்கள் கண்ணால் கண்டது அங்கேதான் என்று சொல்லலாம்.

இன்று பின்பற்றப்படும் அளவுகோல் உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், நன்கு ஊட்டம் பெற்ற பிள்ளைகளை அளந்து உருவாக்கியது அது. ஆண், பெண் குழந்தைகளுக்குத் தனித்தனி வரைபடம் உண்டு. மூன்று வயது நிறைந்த பெண் குழந்தையின் நடு எடை 13.9 கிலோ, 10.8 கிலோவுக்குக் கீழே போனால் எடைக்குறைவு, 9.6 கிலோவுக்கும் கீழே போனால் கடுமையான எடைக்குறைவு. வரைபடத்தில் இவை பச்சை, மஞ்சள், ஆரஞ்சு வண்ணப் பட்டைகளாகத் தெரியும்.

பட்டையின் நிறத்தை மட்டும் பார்ப்பது பரவலாக நடக்கும் தவறு. பச்சைப் பட்டைக்குள்ளேயே இருக்கும் ஒரு பிள்ளையின் கோடு இரண்டு மூன்று மாதங்களாக ஏறாமல் கிடையாகப் போனால், அது வயிற்றுப்போக்கோ, தாய்ப்பால் நிறுத்தியதோ, வீட்டில் நேர்ந்த வேறு மாற்றமோ எதுவாகவும் இருக்கலாம். நிறம் மாறும்வரை காத்திருந்தால் விசாரிக்க வேண்டிய காலம் கடந்துபோகும். புள்ளிகளை இணைத்துக் கோடாகப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

கற்றல் பதிவு

எடையைப் போல் இதற்கு வலுவான மரபு அமையவில்லை. அங்கன்வாடிப் பணியாளரின் 11 பதிவேடுகளில் முன்பருவக் கல்விக்கு உரியது ஒன்றே. மற்றவற்றில் குடும்ப விவரம், உணவு இருப்பு, உணவு வழங்கல், தடுப்பூசி, வைட்டமின் ஏ, வீட்டுப் பார்வை, எடை போன்றவை வரும். 2013ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் கல்விக் கொள்கைக்குப் பிறகு பிள்ளைக்கொரு மதிப்பீட்டு அட்டை என்ற எண்ணம் பரவியது. தமிழ்நாட்டில் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டம், கருப்பொருள் சார்ந்த பாடல், கதை, விளையாட்டு, செயல்பாட்டுப் புத்தகம் ஆகியவற்றோடு இந்த அட்டையையும் கொண்டுவந்தது. 2024இல் ஒன்றிய அரசு பிறப்பு முதல் மூன்று வயது வரைக்கு ‘நவசேதனா’, மூன்று முதல் ஆறு வயது வரைக்கு ‘ஆதார்ஷிலா’ என இரண்டு வழிகாட்டிகளை வெளியிட்டது.

அட்டையில் டிக் போடுவது எளிது, ஆனால் அது பிள்ளையைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழா முடிந்த வாரத்தில் நான்கு வயதுப் பெண் ஒருத்தி கொட்டாங்கச்சியை இரு கைகளிலும் ஏந்தி, அக்னிச்சட்டி எடுப்பவர் போல நடக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ‘பாவனை விளையாட்டில் ஈடுபடுகிறாள்’ என்ற கட்டத்தில் ஒரு டிக் விழும். அதே நிகழ்ச்சியை நான்கு வரியில் எழுதினால் எவ்வளவோ தெரியவரும்: யாரைப் பின்னால் வரச் சொன்னாள், ‘சுடும், தள்ளிப் போ’ என்று சின்னவனிடம் சொன்னாளா, கொட்டாங்கச்சி விழுந்ததும் அழுதாளா, எடுத்துக்கொண்டு மறுபடி நடந்தாளா. பேச்சு, உடல் சமநிலை, பிறரோடு பழகுதல், கண்டதை நினைவில் வைத்திருத்தல் எல்லாம் ஒரே குறிப்பில் அடங்கிவிடுகின்றன. நாளை என்ன விளையாட்டு வைக்கலாம் என்பதையும் அந்தக் குறிப்பே காட்டும்.

நியூசிலாந்தில் மார்கரெட் கார் வளர்த்தெடுத்த ‘கற்றல் கதைகள்’ முறையும் இப்படிப்பட்டதே: பிள்ளையால் முடியாதவற்றைப் பட்டியலிடாமல், அது செய்ததைச் சிறு கதையாக எழுதிப் பெற்றோரிடம் காட்டுவது. இங்கிலாந்தில் தம் வீட்டிலேயே பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பதிவுபெற்ற பராமரிப்பாளர்களும் பிள்ளைக்கு இரண்டு முதல் மூன்று வயதுக்குள் எழுத்துச் சுருக்கம் ஒன்றைப் பெற்றோருக்குத் தர வேண்டும். 2021இல் திருத்திய அந்நாட்டு விதிகள், பிள்ளைகளோடு இருக்க வேண்டிய நேரத்தைக் காகித வேலை தின்றுவிடக் கூடாது என்பதை வலியுறுத்துகின்றன. நம் பணியாளர்களுக்கும் அதே நியாயம் கிடைக்க வேண்டும்.

மலையோரத்து முன்னோடிகள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவை விட்டு வெளியேற முடியாதிருந்த மரியா மாண்டிசோரி, 1942 முதல் 1944 வரை பெரியகுளத்துக்கு மேலேயுள்ள கொடைக்கானலில் தங்கி, பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துக் கவனித்துவந்தார். ஆசிரியரின் முதல் வேலை பார்ப்பது என்பது அவர் கொள்கை. மேற்கே மலைக்கு அந்தப் பக்கம், 1991இல் மருத்துவர் எம்.கே.சி. நாயரும் அவர் குழுவினரும் வெளியிட்ட திருவனந்தபுரம் வளர்ச்சிக் கணிப்பு அட்டை, பிறப்பு முதல் இரண்டு வயது வரைக்கு 17 செயல்களை மட்டும் கொண்டது. பிள்ளையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலை நிறுத்தி, அதற்கு இடப்பக்கம் முழுவதுமாக அமைந்த செயல்களில் எதையாவது பிள்ளை செய்யவில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சில நிமிடங்களில் முடியும். களப்பணியாளருக்கென்று யோசித்துச் செய்த கருவி என்பதை எவரும் உணரலாம்.

பயன்பாடு

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறை வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. கூப்பிட்டால் திரும்புவதில்லை, இன்னும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்று தேதியோடு எழுதிய குறிப்பு இருந்தால் அக்குழுவின் வேலை பாதி முடிந்த மாதிரி. பணியாளர் நோயின் பெயரை எழுதத் தேவையில்லை, எழுதவும் கூடாது. பார்த்ததையும் கேட்டதையும் எழுதினால் போதும். ‘மந்தம்’ என்ற ஒரு சொல் பதிவில் ஏறிவிட்டால் அது முதல் வகுப்பு வரை பிள்ளையின் பின்னாலேயே வரும்.

2021 முதல் எடையும் உயரமும் ‘போஷன் டிராக்கர்’ என்ற கைப்பேசிச் செயலியில் ஏறுகின்றன. குடும்பம் வேறு ஊருக்குப் போனால் பிள்ளையின் விவரத்தை அங்குள்ள அங்கன்வாடிக்கு மாற்றும் வசதியும் அதில் உண்டு. ஏலத்தோட்ட வேலைக்காகக் குடும்பத்தோடு மலைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் டீச்சர் நோட்டில் எழுதிய நாலு வரிக் குறிப்பு அவரோடே நின்றுவிடுகிறது. தாய்-சேய் பாதுகாப்பு அட்டை தாயின் கையில்தான் இருக்கிறது. குறிப்பின் நகல் ஒன்றை அதற்குள் மடித்துவைத்து, தாய்க்கு ஒருமுறை வாசித்தும் காட்டி அனுப்பினால், அடுத்த ஊர் டீச்சர் அந்தப் பிள்ளையை முதல் நாளிலேயே அறிந்துகொள்வார்.