சொகுசுக் கப்பலின் கேபின்களில் அறிவிப்புகள்

சொகுசுக் கப்பலில் ஒலிபெருக்கி வழியாகச் சொல்லப்படும் செய்திகள் எல்லாம் பயணிகள் தங்கும் அறைகளான கேபின்களுக்குள் கேட்பதில்லை. திறந்த தளங்களிலும் நடைகூடங்களிலும் உணவுக்கூடங்களிலும் நாள்முழுதும் ஒலிக்கும் வழக்கமான அறிவிப்புகள் கேபின் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட, எச்சரிக்கை ஒலியும் ஆபத்துக்காலச் செய்தியும் கப்பல் தலைவரின் சில முக்கிய அறிவிப்புகளும் மட்டும் உள்ளே வரும்படியே பெரும்பாலான கப்பல்களில் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. பயணி தூங்க விரும்பும் இடமும், ஆபத்து நேர்ந்தால் அவரை எழுப்பியே தீரவேண்டிய இடமும் கேபினே என்பதால், ஒன்றுக்கொன்று எதிரான இரு தேவைகளை அங்குள்ள சிறிய ஒலிபெருக்கி நிறைவேற்ற வேண்டியிருக்கிறது.

அமைப்பு

கப்பலின் பொது அறிவிப்பு அமைப்பு என்பது, பிரிட்ஜ் எனப்படும் கப்பலைச் செலுத்தும் அறையிலும் வேறு சில இடங்களிலும் உள்ள ஒலிவாங்கிகள், ஒலியை வலுப்படுத்தும் பெருக்கிகள், கப்பல் முழுவதும் ஓடும் கம்பிச் சுற்றுகள், அவற்றில் கோக்கப்பட்ட ஒலிபெருக்கிகள் ஆகியவற்றின் தொகுதி ஆகும். ஒரு பெரிய கப்பலில் ஆயிரக்கணக்கான ஒலிபெருக்கிகளை நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள கம்பிகளால் இணைக்க வேண்டியிருப்பதால், வீட்டு ஒலிக்கருவிகளைப் போலக் குறைந்த மின்னழுத்தத்தில் அவற்றை இயக்கினால் கம்பியிலேயே ஆற்றல் வீணாகிவிடும். எனவே ஒலிக்குறிகை 100 வோல்ட் அளவுக்கு உயர்த்தி அனுப்பப்பட்டு, ஒவ்வொரு ஒலிபெருக்கியிலும் உள்ள சிறு மின்மாற்றியால் மீண்டும் குறைக்கப்படுகிறது. கம்பிச் சுற்றுகள் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். திறந்த தளங்கள், பொதுக்கூடங்கள், பயணிகளின் நடைகூடங்கள், பணியாளர் பகுதி, கேபின்கள் ஆகியவை தனித்தனி வட்டாரங்களாக இருப்பதால், அறிவிப்பவர் எந்தப் பொத்தானை அழுத்துகிறாரோ அந்த வட்டாரத்தில் மட்டுமே குரல் கேட்கும். நீச்சல்குளத் தளத்தில் நடைபெறவுள்ள நடன வகுப்பைப் பற்றிய செய்தி கேபினில் கேட்காமல் போவது கருவியின் பழுதன்று. கேபின்களுக்குரிய பொத்தான் அழுத்தப்படவில்லை என்பதே அதன் காரணம்.

கேபினின் ஒலிபெருக்கி பெரும்பாலும் கூரைப் பலகையில், சிறு துளைகள் கொண்ட வட்டத் தகட்டுக்குப் பின்னால் பொருத்தப்படுகிறது. சில கப்பல்களில் அதன் ஒலியளவைப் பயணியே குறைக்க முடியும். அப்படிக் குறைத்திருந்தாலும், முற்றிலும் அணைத்திருந்தாலும், அந்த நேரத்தில் இசை ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தாலும், பிரிட்ஜிலிருந்து வரும் ஆபத்துக்காலச் செய்தி அவற்றை மீறி ஒலிக்க வேண்டும் என்று, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை விதிக்கிறது. சோலாஸ் என்ற சுருக்கப்பெயரால் வழங்கும் இந்த உடன்படிக்கையின் இப்போதைய வடிவம் 1974-இல் ஏற்கப்பட்டது; பயணிகள் கப்பல்களின் அறிவிப்பு அமைப்பு குறைந்தது இரண்டு தனித்தனிச் சுற்றுகளையும் ஒன்றையொன்று சாராத இரண்டு பெருக்கிகளையும் கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. ஒரு சுற்று தீயால் அறுந்தாலும் அதே பகுதியில் மற்றதன் வழியே குரல் தொடர வேண்டும் என்பதே இதன் நோக்கம். கப்பலின் முதன்மை மின்சாரம் நின்றுபோனால் அவசரகால மின்வழங்கி இந்த அமைப்பை இயக்கும்.

கதவுக்கு அப்பாலிருந்து வரும் குரல்

வழக்கமான அறிவிப்பு நேரத்தில் கேபினுக்குள் இருப்பவருக்குக் கேட்பது பெரும்பாலும் நடைகூடத்து ஒலிபெருக்கியின் குரலே. மணியோசை தெளிவாகக் கேட்கிறது, யாரோ பேசுவதும் தெரிகிறது, ஆனால் என்ன சொல்கிறார்கள் என்பது பிடிபடுவதில்லை. பயணிகள் அடிக்கடி சொல்லும் இந்தக் குறைக்குக் கதவும் சுவரும் ஒலியைத் தடுக்கும் விதமே காரணம். கப்பல்களில் இரைச்சலளவு குறித்துப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு வகுத்து 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித்தொகுப்பு, பணியாளர் குடியிருப்பில் நடைகூடத்துக்கும் கேபினுக்கும் இடையிலான தடுப்பின் ஒலித்தடை எண் 30-க்குக் குறையக்கூடாது என்றும், இரு கேபின்களுக்கு இடையே அது 35 ஆக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இந்த எண் தடுக்கப்படும் ஒலியை டெசிபல் கணக்கில் ஏறத்தாழக் காட்டுவது; ஆகவே நடைகூடத்தில் 75 டெசிபலில் ஒலிக்கும் குரல் அத்தகைய தடுப்பைக் கடந்து உள்ளே வரும்போது சுமார் 45 டெசிபலாகக் குறைந்துவிடும். குளிர்காற்றுக் குழாயின் ஓசையே அந்த அளவை எட்டக்கூடிய அறையில், அப்படி வந்த குரல் அந்த ஓசையில் கரைந்துபோவதில் வியப்பில்லை.

அளவு மட்டுமன்றித் தன்மையும் மாறுகிறது. சுவரும் கதவும் தாழ்ந்த அதிர்வெண்களைவிட உயர்ந்த அதிர்வெண்களையே அதிகமாகத் தடுக்கின்றன. பேச்சில் உயிரொலிகளின் வலிமை தாழ்ந்த பகுதியிலும், ஒரு சொல்லை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் அடையாளம் பெருமளவு உயர்ந்த பகுதியிலும் இருப்பதால், கதவைக் கடந்துவரும் பேச்சில் குரலின் ஏற்ற இறக்கம் எஞ்சிச் சொல் மறைந்துவிடுகிறது. கதவைச் சிறிது திறந்தவுடன் எல்லாம் தெளிவாகிவிடுவதன் காரணமும் இதுவே. பால்கனி உள்ள கேபின்களில் திறந்த தளத்து ஒலிபெருக்கியின் குரல் வெளிப்பக்கமாக வந்து சேருவதுண்டு. கப்பல் ஓடும்போது காற்றும் கடலோசையும் அதைச் சிதைத்துவிடுகின்றன.

இதற்கு மாற்றாகப் பல கப்பல்களில் கேபின் தொலைக்காட்சியின் ஓர் அலைவரிசையில், பெரும்பாலும் கப்பலின் முகப்புக் காட்சியைக் காட்டும் அலைவரிசையில், பொதுப்பகுதி அறிவிப்புகளின் ஒலியும் இணைக்கப்பட்டிருக்கும். மறுநாள் நிகழ்ச்சிகள் முந்தைய மாலையே அச்சிட்ட தாளாகக் கேபினுக்கு வந்துசேர்வது நெடுநாள் வழக்கம். இப்போது கைப்பேசிச் செயலிகள் அந்த இடத்தைப் பெருமளவு எடுத்துக்கொண்டுள்ளன.

அறிவிப்பின் வகைகள்

வழக்கமான அறிவிப்புகளில் மிகப் பழைய சாயல் கொண்டது நண்பகலில் கப்பல் தலைவர் தரும் செய்தி. சூரியனை அளந்து நண்பகலில் கப்பலின் இருப்பிடத்தைக் கணிக்கும் மாலுமி மரபின் எச்சமாக, கப்பல் இருக்கும் இடம், வேகம், காற்று, அலை, அடுத்த துறைமுகத்தை அடையும் நேரம் ஆகியவை அதில் சொல்லப்படுகின்றன. நிகழ்ச்சி இயக்குநரின் காலை அறிவிப்பு, துறைமுக அதிகாரிகள் இறங்க அனுமதி அளித்துவிட்டார்கள் என்ற செய்தி, பயண முடிவில் குழு குழுவாக இறங்க அழைக்கும் அறிவிப்பு ஆகியவை மற்றவை. இவற்றில் கடைசி இரண்டையும் சில நிறுவனங்கள் கேபினுக்குள்ளும் ஒலிக்கவிடுகின்றன.

பணியாளர்களுக்கு மட்டும் பொருள்படும் குறிச்சொல் அறிவிப்புகள் தனி வகை. மருத்துவ அவசரத்துக்கு ஆல்ஃபா, தீக்கு பிராவோ, ஆள் கடலில் விழுந்ததற்கு ஆஸ்கர் என்பன பரவலாக வழங்கினாலும், நிறுவனத்துக்கு நிறுவனம் இவை வேறுபடும். இவற்றுள் ஆஸ்கர் என்பது பன்னாட்டுக் குறிக்கொடி முறையில் கடலில் ஆள் விழுந்ததைக் குறிக்கும் கொடியின் பெயரிலிருந்து வந்தது. பயணிகளிடையே பீதி பரவாமல் உரிய குழுவை விரைந்து அழைப்பதே இவற்றின் பயன்.

ஆபத்துக்கால ஒலி

ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட குறுவொலிகளும் அவற்றைத் தொடர்ந்து ஒரு நெடுவொலியும் கப்பலின் பொது அபாய அறிவிப்பாகும். கப்பலின் ஊதுகுழலில் இது ஒலிப்பதோடு, மின்மணி அல்லது அதற்கு ஈடான கருவி வழியாக உட்பகுதிகளிலும் ஒலிக்கிறது. உயிர்காப்புச் சாதனங்களுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு, இந்த ஒலி உட்பகுதிகளில் பொதுவாக 80 டெசிபலுக்குக் குறையாமலும், கேபினில் ஒருவர் படுத்திருக்கும் இடத்திலும் குளியலறையிலும் 75 டெசிபலுக்குக் குறையாமலும், எங்கும் சுற்றுப்புற இரைச்சலைவிடக் குறைந்தது 10 டெசிபல் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அறையின் நடுவில் அளந்து நிறைவடையாமல் தலையணை இருக்கும் இடத்தையே அளவிடும் இடமாக விதி குறித்திருப்பது மிகச் சரியான முடிவு. தூங்குபவரின் காது அங்கேதான் இருக்கிறது. குளியலறையைத் தனியே சொன்னதற்கும் காரணம் உண்டு: கப்பலின் குளியலறை பெரும்பாலும் தனிப்பெட்டியாகச் செய்து பொருத்தப்படுவது, கதவை மூடி நீரைத் திறந்துவிட்டவருக்கு அறையின் ஒலி எட்டாமல் போகலாம்.

அபாய ஒலி எழுப்புமே தவிர, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாது. அதற்குப் பேச்சு வேண்டும். ஆபத்துக்காலப் பேச்சு உட்பகுதிகளில் குறைந்தது 75 டெசிபலும், பேச்சிடையூற்று அளவைவிட 20 டெசிபல் கூடுதலும் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. பேச்சிடையூற்று அளவு என்பது, பேச்சைப் புரிந்துகொள்ளத் தேவையான அதிர்வெண்களில் மட்டும் சுற்றுப்புற இரைச்சலை அளந்து எடுக்கும் சராசரி. அபாய ஒலிக்கு 10 டெசிபல் இடைவெளி போதும் என்ற விதி பேச்சுக்கு 20 கேட்பதற்குக் காரணம், ஒலி காதில் விழுவது வேறு, சொல் விளங்குவது வேறு என்பதே. சொல் எவ்வளவு விளங்குகிறது என்பதை அளப்பதற்கென நெதர்லாந்தின் ஆய்வாளர்கள் ஹவுட்காஸ்ட், ஸ்டீனெகன் இருவரும் 1970-களில் பேச்சுக் கடத்தல் குறியீட்டை உருவாக்கினர். 0 முதல் 1 வரை செல்லும் அந்த அளவுகோலில் 1 என்பது முழுத் தெளிவைக் குறிக்கும்.

விதிகள் பிறந்த வழி

1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் ஒலிபெருக்கி அமைப்பும் பொது அபாய மணியும் இல்லை. கேபின் பணியாளர்கள் கதவு கதவாகத் தட்டிப் பயணிகளை எழுப்பினார்கள். எவருக்குச் செய்தி எப்போது எட்டியது, எவ்வளவு அழுத்தமாகச் சொல்லப்பட்டது என்பதெல்லாம் தட்டியவரைப் பொறுத்தே அமைந்தது. அந்த விபத்தின் விளைவாக 1914-இல் முதல் சோலாஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. எனினும் அரை நூற்றாண்டுக்குப் பின்னரும், 1965 நவம்பர் 13 அன்று மயாமியிலிருந்து நாசோ துறைமுகத்துக்குச் சென்ற யார்மவுத் காசில் கப்பல் நள்ளிரவுக்குப் பின் தீப்பற்றியபோது அபாய மணி ஒலிக்கவேயில்லை. நடைகூடத்தில் ஓடியவர்களின் கூச்சலே பலரை எழுப்பியது. 90 பேர் இறந்தனர்.

1990 ஏப்ரல் 7 அதிகாலையில், ஆஸ்லோவிலிருந்து டென்மார்க்கின் ஃபிரடெரிக்ஸ்ஹாவ்னுக்குச் சென்றுகொண்டிருந்த ஸ்காண்டிநேவியன் ஸ்டார் கப்பலில் தீ வைக்கப்பட்டு 159 பேர் உயிரிழந்தனர். அங்கே அபாய ஒலி இருந்தது; ஆனால் கேபின்களில் உறங்கியவர்களை எழுப்பும் அளவுக்கு அது உரக்க இல்லை. எழுந்தவர்களுக்கும் வழிகாட்டக் கப்பலைப் பழகியறிந்த பணியாளர்கள் போதவில்லை. பணியாளர் பலருக்குப் பயணிகளின் மொழி தெரியாது. கேபின்களிலும் நடைகூடங்களிலும் புகையே பெரும்பாலோரைக் கொன்றது. தலையணையருகே 75 டெசிபல் வேண்டும் என்ற விதியைப் படிப்பவர் இந்த இரவையும் அறிந்திருப்பது நல்லது.

2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜில்யோ தீவருகே பாறையில் மோதிய கோஸ்டா கன்கார்டியா வேறொரு வகைத் தோல்வியைக் காட்டியது. ஒலிபெருக்கி வேலை செய்தது, குரல் எட்டியது. ஆனால் மின்கோளாறு ஏற்பட்டுள்ளது என்றே அந்தக் குரல் சொன்னது. சில பயணிகளிடம் கேபின்களுக்குத் திரும்பும்படியும் கூறப்பட்டது. 21:45 மணிக்கு மோதிய கப்பலில் 22:33-க்குத்தான் பொது அபாய அறிவிப்பு ஒலித்தது. இறந்தவர் 32 பேர். டெசிபலையும் சுற்றுகளையும் வகுக்கும் எந்த விதியாலும் ஒலிவாங்கியில் சொல்லப்படும் செய்தியின் உண்மையை உறுதிசெய்ய முடியாது என்பதால், இந்த விபத்து முந்தையவற்றைவிடக் கடுமையான கேள்வியை எழுப்புகிறது. கப்பலேறிய பயணிகளுக்கு அளிக்கும் ஒன்றுகூடல் பயிற்சியை 24 மணி நேரத்துக்குள் நடத்தலாம் என்றிருந்த விதி இதன் பின் மாற்றப்பட்டு, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்றாகி, 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

மொழியும் செவித்திறனும்

பயணிகள் புரிந்துகொள்ளக்கூடிய மொழியில் பாதுகாப்பு அறிவிப்பு அமைய வேண்டும் என்பது உடன்படிக்கையின் எதிர்பார்ப்பு. மத்தியதரைக் கடலில் ஓடும் சில கப்பல்களில் ஒரே செய்தி இத்தாலியம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் என ஐந்து மொழிகளில் அடுத்தடுத்து ஒலிப்பது வழக்கம். தம் மொழியின் முறை வரும்வரை காத்திருக்கும் பயணிக்கு இது பொறுமையைச் சோதிக்கும் நடைமுறை, அவசரத்தில் நேரத்தையும் உண்ணும். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001-இல் ஏற்ற நிலைப்படுத்திய கடல்சார் தொடர்களில், பயணிகளை ஒன்றுகூட்டவும் அமைதிப்படுத்தவும் உதவும் குறுகிய எளிய ஆங்கில வாக்கியங்களும் தரப்பட்டுள்ளன.

செவித்திறன் குறைந்தவர்களுக்கு எவ்வளவு உரத்த ஒலியும் போதாது. முதியோர் முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் திறனை என்பதால், கீச்சென்ற எச்சரிக்கையைவிட 520 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த சதுர அலை ஒலி தூங்குபவர்களை நன்றாக எழுப்புவதாகத் தரையில் தீ எச்சரிக்கைகள் பற்றி நடந்த ஆய்வுகள் கண்டன. சொகுசுக் கப்பல் பயணிகளில் முதியோர் கணிசமானோர் என்பதால் இந்த முடிவு கப்பல்களுக்கும் மிகப் பொருந்தும். முற்றிலும் கேளாதவர்களுக்கெனப் பல நிறுவனங்கள் முன்கூட்டிக் கேட்டால் தனிக் கருவித்தொகுப்பைக் கேபினில் வைக்கின்றன. கதவு தட்டப்படுவதையும் தொலைபேசி அழைப்பையும் புகை எச்சரிக்கையையும் ஒளிரும் விளக்காலும், தலையணைக்கடியில் வைக்கும் அதிர்வுக் கருவியாலும் அது உணர்த்தும். அத்தகைய பயணி தங்கியிருக்கும் கேபினின் எண் கப்பலின் அவசரகாலப் பட்டியலில் குறிக்கப்படுகிறது. அபாய ஒலி எழுந்தால், அந்தக் கேபினுக்கு நேரில் செல்ல ஒரு பணியாளரை முன்பே நியமித்து வைப்பதும் உண்டு.