பிஜி: பயணிகளுக்கான நடைமுறைக் குறிப்புகள்

பிஜி, தென் பசிபிக் பெருங்கடலில் 300-க்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட குடியரசு. அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குத் தீவுகளில்தான் மக்கள் வாழ்கின்றனர். விட்டி லெவு, வனுவா லெவு இரண்டும் பெரிய தீவுகள். தலைநகர் சுவா, விட்டி லெவுவின் தென்கிழக்குக் கரையில் உள்ளது. முதன்மை விமான நிலையம் அமைந்த நாந்தி மேற்குக் கரையில் உள்ளது. நாட்டின் நிலத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேல் பூர்வகுடிக் குலங்களின் பொதுச்சொத்து. அதை விற்க முடியாது, குத்தகைக்கு விடலாம். கரையோரக் கடலிலும் அக்குலங்களுக்கு மரபுவழி மீன்பிடி உரிமை உண்டு. ஆளரவமற்றுத் தெரியும் கடற்கரைக்கும் அருவிக்கும் அங்கே உரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டுச் செல்வதே பிஜியில் பயணத்தின் முதல் விதி.

பருவம்

மே முதல் அக்டோபர் வரை வெயில் மிதமாகவும் மழை குறைவாகவும் இருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். புயல்களும் அப்போதுதான் வரும். 2016 பிப்ரவரியில் வீசிய வின்ஸ்டன் புயல் 44 உயிர்களைப் பறித்தது. தென்கிழக்குக் காற்று மலைகளில் மோதுவதால் சுவாவில் ஆண்டு முழுவதும் மழை உண்டு; மலைக்கு மறுபுறம் உள்ள நாந்தி அதைவிட வறண்டது. கடற்கரையை நாடி வருபவர்கள் மேற்குப் பகுதியிலும் யசாவா, மமனுதா தீவுகளிலும் தங்குவது நல்லது.

நுழைவு

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் சுற்றுலாவுக்கு முன்கூட்டியே விசா பெற வேண்டியதில்லை. கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பும் பயணச்சீட்டும் தேவை. விதிகள் மாறக்கூடும் என்பதால் புறப்படும் முன் சரிபார்க்க வேண்டும். ஆஸ்திரேலியா அல்லது நியூசிலாந்து வழியாகச் செல்பவர்கள் அந்நாட்டு இடைவழி விசா விதிகளையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூர், ஹாங்காங் வழியாகவும் நாந்திக்குச் செல்லலாம். உயிரியல் பாதுகாப்புச் சோதனை கடுமையானது. ஊறுகாய், பொடி வகைகள், விதை, பழம், பூமாலை என எதைக் கொண்டு சென்றாலும் படிவத்தில் குறிப்பிட வேண்டும். பிஜி நேரம் இந்திய நேரத்தைவிட ஆறரை மணி முந்தியது. மின்சாரம் 240 வோல்ட். ஆஸ்திரேலியாவில் உள்ளது போன்ற சாய்ந்த தட்டை முனைச் செருகி வேண்டும்.

போக்குவரத்து

விட்டி லெவுவைச் சுற்றித் தார்ச்சாலை உண்டு. தெற்குக் கரை வழியே குயின்ஸ் சாலையில் நாந்தியிலிருந்து சுவா ஏறத்தாழ 190 கிலோமீட்டர்; பேருந்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். வழியில் 1989-இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவான சிங்கடோக்கா மணற்குன்றுகள் உள்ளன. பேருந்துக் கட்டணத்துக்கு மின்னணு அட்டை வாங்கிக்கொள்வது வசதி. யசாவா தீவுகளுக்கான படகுகள் நாந்திக்கு அருகில் உள்ள தெனராவ் துறையிலிருந்து கிளம்புகின்றன. கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும். ஆகவே வெளித்தீவுகளை முதலில் முடித்து, கடைசி இரண்டு நாளை விட்டி லெவுவில் கழிப்பது பாதுகாப்பு. சிறு தீவுகளில் பணம் எடுக்கும் இயந்திரம் இருக்காது. பிஜி டாலர் ரொக்கமாகக் கையில் வேண்டும்.

கிராம வழக்கங்கள்

ஒரு கிராமத்துக்குள் செல்லும் முன் ஊர்த் தலைவரிடம் யங்கோனா வேரைக் காணிக்கையாக வைத்து அனுமதி கேட்பது மரபு. இச்சடங்கு செவுசெவு எனப்படும். கட்டாகக் கட்டிய வேர் நகரச் சந்தைகளில் கிடைக்கும். வேரை இடித்து நீரில் கரைத்த கவா பானத்தைத் தேங்காய்ச் சிரட்டையில் தருவார்கள். வாங்கும் முன் ஒருமுறை கைதட்டி, ஒரே மூச்சில் பருகி, பிறகு மூன்று முறை கைதட்ட வேண்டும். அது நாக்கை மரக்கச் செய்து, உடலைத் தளர்த்தும். குடித்தபின் வாகனம் ஓட்டக் கூடாது.

ஊருக்குள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிவது தலைவரை அவமதிப்பதாகும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சுலு எனும் வேட்டி இதற்கு ஏற்றது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். குழந்தையே ஆனாலும் தலையைத் தொடக் கூடாது. ஞாயிறு வழிபாட்டுக்கும் ஓய்வுக்கும் உரிய நாள். அன்று அழைப்பின்றிச் செல்வதைத் தவிர்க்க வேண்டும்.

உடல்நலமும் கடலும்

பிஜியில் மலேரியா இல்லை. டெங்கு உண்டு, கொசு விரட்டி பகலிலும் தேவை. வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சலும் டைபாய்டும் பரவுவதுண்டு. கிராமங்களில் நீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். பெரிய பவளத்திட்டு மீன்களில் சிகுவாடெரா நச்சு இருக்கலாம். அது சமைத்தாலும் அழியாது. எந்த மீன் உண்ணத்தக்கது என உள்ளூர் மீனவரைக் கேட்பது நல்லது. பவளம் கீறிய காயம் எளிதில் சீழ்பிடிக்கும்; உடனே கழுவி மருந்திட வேண்டும். திட்டுகளுக்கு இடையிலுள்ள வாய்க்கால்களில் நீரோட்டம் வலியது. உள்ளூர்க்காரர் துணையின்றி அங்கே நீந்தக் கூடாது. பவளத்தின்மேல் கால் வைத்தால் பல்லாண்டு வளர்ச்சி நொறுங்கிவிடும். தீவுவாசிகளின் மீன்வளம் அதை நம்பியே இருக்கிறது.

உணவும் தமிழ்த் தொடர்பும்

சேப்பங்கிழங்கு, மரவள்ளி, தேங்காய்ப்பால், மீன் ஆகியவை அன்றாட உணவு. சுடுகற்கள் இட்ட குழியில் சமைப்பது லோவோ. சைவ உணவினருக்கு விட்டி லெவு நகரங்களில் ரொட்டியும் கறியும் எளிதில் கிடைக்கும். வெளித்தீவு விடுதிகளுக்கு முன்னரே சொல்லிவிட வேண்டும்.

1879 முதல் 1916 வரை இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 60,000 பேர் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1903-இலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழர்களும் சென்றனர். அவர்களின் வழித்தோன்றல்கள் பெரும்பாலும் பிஜி இந்தி பேசுகின்றனர். தமிழில் பேசினால் எல்லோருக்கும் புரியும் என எதிர்பார்க்கக் கூடாது. 1926-இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பள்ளிகளையும் கோயில்களையும் நடத்திவருகிறது. நாந்தியின் சிவசுப்பிரமணியர் கோயிலுக்கு முழங்கால் மறையும் உடையில் செல்ல வேண்டும். கருவறைப் பகுதியில் படம் எடுக்கக் கூடாது. சுவா மாரியம்மன் கோயிலில் தீமிதி விழாவும், பெங்கா தீவினர் சுடுகற்கள்மீது நடக்கும் சடங்கும் இந்நாட்டில் நிகழ்கின்றன. இரண்டுமே விரதமிருந்து செய்யும் சடங்குகள். படக்கருவியை எடுக்கும் முன் அங்குள்ள பெரியவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும்.