வால் முளைச்சா கண்டுபிடிச்சிடலாம்: நெக்ளேரியாவின் கதை

திண்டுக்கல் பக்கம் கோடை லீவுல கிணத்துல குதிச்சு நீச்சல் பழகினவங்களுக்கு இந்த எபிசோடு.

1899-ல ஷார்டிங்கர்ங்கிற விஞ்ஞானி ஒரு அமீபாவைப் பார்த்தார். ஊர்ந்துகிட்டு இருந்த அது, வால் மாதிரி கசையிழை முளைச்சு நீந்த ஆரம்பிச்சது. பிறகு பழையபடி அமீபாவாவே மாறிடுச்சு. 1912-ல அந்தப் பேரினத்துக்கு நெக்ளேரியான்னு பேர் வந்தது.

சிக்கல் எங்கேன்னா, அன்றைய வகைப்பாட்டில் ஊர்வது ஒரு பிரிவு, கசையிழையால் நீந்துவது இன்னொரு பிரிவு. ரெண்டும் செய்யறதை எந்த ஃபோல்டர்ல போடுறது? 1985-லதான் இந்தக் கூட்டத்துக்கு ஹெட்டிரோலோபோசியா என்ற தனி வகுப்பு அமைஞ்சது.

இதுக்கு நடுவுல, 1965-ல ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஃபவுலரும் கார்ட்டரும் அமீபா மூளைக்காய்ச்சலால் நடந்த மரணங்களைப் பதிவு செஞ்சாங்க. காரணமான இனத்தின் பேர் நெக்ளேரியா ஃபவுலேரி. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும். குடிச்சா ஆபத்தில்லை, மூக்கு வழியா ஏறினாதான் மூளைக்குப் போகும்.

அறிகுறிகள் பாக்டீரியா மூளைக்காய்ச்சல் மாதிரியே இருக்கும். அதனால நோயைப் பிரிச்சறியறது கஷ்டம். நோயாளியின் தண்டுவட நீரில் அமீபா தெரிஞ்சா, அதை டிஸ்டில்டு வாட்டர்ல விட்டுப் பார்ப்பாங்க. ஓரிரு மணி நேரத்துல கசையிழை முளைச்சா, நெக்ளேரியான்னு சொல்லிடலாம். விஞ்ஞானிகளைக் குழப்பின அதே உருமாற்றம், இங்கே அடையாளம் காட்டுது!

2024-ல கோழிக்கோட்டில் 14 வயசுப் பையன் ஒருத்தன் பிழைச்சான். சீக்கிரம் கண்டுபிடிச்சதுதான் அவனைக் காப்பாத்துச்சு. குளிச்ச சில நாள்ல கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி வந்தா, "தண்ணியில குதிச்சேன்"னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.