திருவண்ணாமலையில் வளர்ந்த கணினி முன்னோடி



கையில் தூக்கிச் செல்லும் கணினியை முதன்முதலில் சந்தையில் வெற்றிகரமாக விற்றுக் காட்டியவர் யார் என்று நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஸ்டீவ் ஜாப்ஸ் என்பார்கள், பில் கேட்ஸ் என்பார்கள். அவர் திருவண்ணாமலையில் வளர்ந்தவர் என்று சொன்னால் வியப்படைவார்கள். அவர் பெயர் ஆடம் ஆஸ்போர்ன்.

1939ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் பாங்காக்கில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர். ரமண மகரிஷியின் அடியவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் தந்தையைத் தாய்லாந்தில் சிறை வைத்தனர். தாயும் பிள்ளைகளும் ரமணாசிரமத்தின் நிழலில் திருவண்ணாமலையில் வாழ்ந்தனர். ஜப்பானியர் காலம் என்றால் என்னவென்று நம் தாத்தா பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் நாம். அந்தக் குடும்பம் பட்ட பாட்டை நம்மால் உணர முடியும்.

பின்னர் இங்கிலாந்தில் படித்து, அமெரிக்காவில் வேதியியல் பொறியியலாளரானார். அந்த வேலையை விட்டுவிட்டு, சிறு கணினிகளைப் பற்றி எளிய நடையில் புத்தகங்கள் எழுதி வெளியிட்டார். 1981 ஏப்ரலில் 'ஆஸ்போர்ன் 1' என்ற கணினியை அறிமுகம் செய்தார். அதன் பொறியியல் வடிவமைப்பு லீ ஃபெல்சென்ஸ்டைன் என்பவருடையது. தையல் இயந்திரப் பெட்டியைப் போன்ற தோற்றம். ஏறக்குறைய 11 கிலோ எடை. 5 அங்குலத் திரை. 64 கிலோபைட் நினைவகம். விலை 1,795 அமெரிக்க வெள்ளி. எழுதவும் கணக்குப் போடவும் தேவையான மென்பொருள்கள் அந்த விலைக்குள்ளேயே அடங்கின. அதுதான் அவருடைய வியாபாரத் திறமை. ஒரு கட்டத்தில் மாதத்திற்கு 10,000 கணினிகள் வரை விற்பனையாயின.

ஆனால் 1983 செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. புதிய கணினி வரப்போகிறது என்று முன்கூட்டியே அறிவித்ததால், மக்கள் பழையதை வாங்காமல் நிறுத்திவிட்டார்கள் என்பது கதை. வணிகப் பாடநூல்களில் 'ஆஸ்போர்ன் விளைவு' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். முன்னோடியாக வாழ்ந்த மனிதர், ஒரு தவற்றின் பெயராக மட்டும் மிஞ்சினார். 1992இல் அவர் நோயாளியாக இந்தியா திரும்பினார். 2003 மார்ச் 18ஆம் நாள் கொடைக்கானலில் காலமானார். வயது 64.

அந்தக் கதை முழு உண்மையா? இதற்குச் சாட்சி சொல்ல அவருடைய கணினியே இருக்கிறது. அமெரிக்காவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் போன்ற இடங்களில் அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1982இல் வந்த 'கேப்ரோ' கணினியை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே விலை, 9 அங்குலத் திரை, ஒரு வரியில் 80 எழுத்துகள். ஆஸ்போர்னின் திரையிலோ ஒரே நேரத்தில் 52 எழுத்துகள்தாம் தெரியும். வாங்க வந்தவர் எதை எடுப்பார் என்று சொல்லவும் வேண்டுமா? வாய்வழிக் கதை ஒரு காரணத்தைச் சொன்னது. பாதுகாக்கப்பட்ட பொருள் இன்னொரு காரணத்தைக் காட்டுகிறது. பழைய பொருளைக் காப்பாற்றுவது இதற்காகத்தான்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். காஜாங்கைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகள். பால்வாளியையும் உளியையும் எடுத்து வைத்த குடும்பங்கள்தாம் அந்த வாழ்க்கையைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட முடிகிறது. கணினிக்கும் இதே நிலைதான். தமிழைக் கணினியில் ஏற்றியதில் மலேசியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. முத்து நெடுமாறன் 1980களின் நடுப்பகுதியிலேயே 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அந்தக் காலத்தில் பள்ளி ஆண்டுமலர், ஆலயக் கும்பாபிஷேக மலர், சங்கக் கூட்டக் குறிப்பு என்று தட்டச்சு செய்தவை எங்கே? பல ஃபிளாப்பி வட்டுகளில் முடங்கிக் கிடக்கின்றன. யூனிகோடு பரவுவதற்கு முன் எழுதிய கோப்புகளை இன்றைய கணினியில் திறந்தால் புரியாத குறிகளே தெரியும். அன்றைய எழுத்துருவும் வட்டைப் படிக்கும் கருவியும் இருந்தால் அவற்றை மீட்க முடியும்.

ஆகவே பழைய கணினியைக் காயலாங்கடைக்குப் போடுமுன் சற்று யோசியுங்கள். பல ஆண்டுகள் கிடந்ததை உடனே மின்சாரத்தில் இணைக்காதீர்கள். உள்ளிருக்கும் பழைய பாகங்கள் வெடித்துவிடலாம். உள்ளே சிறு பேட்டரி இருந்தால், விவரம் தெரிந்தவரைக் கொண்டு அகற்றிவிடுங்கள்; அது கசிந்தால் பலகையை அரித்துவிடும். நம் நாட்டு ஈரக்காற்றில் வட்டுகளில் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்த இடத்தில் வையுங்கள். யார் பயன்படுத்தியது, எந்த ஆண்டு, எதற்காக என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். பெயரில்லாத பெட்டி வெறும் இரும்பு. பெயர் எழுதிய பெட்டி வரலாறு.

ஆடம் ஆஸ்போர்னுக்காகப் பேச அவருடைய கணினி மிஞ்சியது. நம் தமிழ்க் கணினி முன்னோடிகளுக்காகப் பேச எதை மிச்சம் வைக்கப் போகிறோம்? அந்தப் பொறுப்பு நம் வீட்டு ஸ்டோர் அறையிலிருந்தே தொடங்குகிறது.