எஞ்சின் தொட்டியில் ஏறிய மீன்

1854 வாக்கில் வீலிங் நகரிலிருந்து கிழக்கே கிளம்பிய ஒரு ரயிலில், நீராவி எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு தகர வாளி தொங்கிக்கொண்டிருந்தது. வாளி முழுக்க ஓட்டைகள். தொட்டித் தண்ணீர் உள்ளே வந்து வெளியே போக வேண்டும் என்பதற்காகவே போட்டவை. உள்ளே உயிரோடு சில மீன்கள். எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்ற ஒவ்வொரு நிலையத்திலும் மீன்களுக்கும் புதுத் தண்ணீர் கிடைத்தது. அலெகேனி மலைகளைத் தாண்டி, மேரிலாந்தின் கம்பர்லாந்தில் அவற்றை இறக்கிக் கால்வாயில் விட்டார்கள். அங்கிருந்து போடோமாக் ஆறு கூப்பிடு தூரம்.

ஏற்பாடு செய்தவர் வீலிங்கைச் சேர்ந்த ஜெனரல் ஷ்ரைவர். ஊர் அப்போது வர்ஜீனியாவில் இருந்தது. 1863-ல் தனியாகப் பிரிந்த மேற்கு வர்ஜீனியா இன்று தன்னை ‘மலை மாநிலம்’ என்றே சொல்லிக்கொள்கிறது. அந்த மலைகளைக் கடந்து வீலிங்கைத் தொடும் ரயில்பாதை முடிந்ததே 1852 டிசம்பரில்தான். தண்டவாளம் போட்ட ஓரிரு ஆண்டுகளில் மீனும் அதில் பயணம் போய்விட்டது. மலையின் மேற்கே விழும் மழை ஒஹாயோ ஆற்றில் சேர்ந்து மிசிசிப்பிக்குப் போகிறது. கிழக்கே விழுவது போடோமாக்கில் சேர்ந்து அட்லாண்டிக்குக்குப் போகிறது. இடையில் நின்ற மலையை இந்த மீன் தானாக ஒருநாளும் தாண்டியிருக்காது.

ஸ்மால்மவுத் பாஸ் என்கிற சிறுவாய் பாஸின் கதை இது. வெண்கல நிறம், உடம்பில் மங்கலான குறுக்குப் பட்டைகள், சிவந்த கண். அதன் உறவான பெருவாய் பாஸுக்கு வாய் கண்ணையும் தாண்டிப் பின்னால் கிழிந்திருக்கும். இதற்குக் கண்ணுக்கு நேராக நின்றுவிடும். பெருவாய் பாஸ் குளத்துப் பாசியிலும் கோரையிலும் பதுங்கும். இது பாறையும் சரளையும் உள்ள தண்ணீரை விரும்பும். வட அமெரிக்காவின் பேரேரிகள், செயின்ட் லாரன்ஸ், மேல் மிசிசிப்பி, ஒஹாயோ, டென்னசி ஆகிய ஆற்றுப்படுகைகள்தான் அதன் பூர்வீகம்.

தூண்டில்காரர்கள் இதன்மேல் பித்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. கிரேஃபிஷ் என்ற நன்னீர்ச் சிங்கி இறால்போல் தெரியும் ரப்பர் இரையைப் பாறை இடுக்கில் மெல்ல இழுத்துவரும்போது, நரம்பில் முதலில் ஒரு சிறு தட்டல். அடுத்த நொடி ராடு வளைந்துவிடும். ஆழத்துக்கு இழுத்துப்போகும் என்று நினைத்தால் மேலே பாய்ந்து வந்து, முழு உடம்பும் தண்ணீருக்கு வெளியே தெரிய, தலையை உதறி முள்ளைத் துப்பப் பார்க்கும். ஒரு கிலோகூடத் தேறாத மீன், கை வலிக்கிற வரை விடாது. 1881-ல் பாஸ் மீன்களுக்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதிய ஜேம்ஸ் ஹென்ஷால் என்ற மருத்துவர், அளவுக்கு அளவு பாஸைவிட வீரமான மீன் கிடையாது என்ற முடிவுக்கு வந்தார். அவரோடு எனக்குச் சண்டையில்லை.

அந்த வியப்புதான் மீனை ஊர் ஊராகக் கொண்டுபோனது. 1871-ல் அமெரிக்க அரசு ஸ்பென்சர் பேர்டின் தலைமையில் மீன்வள ஆணையம் ஒன்றை அமைத்தது. மீன் இல்லாத தண்ணீர் தரிசு நிலம் என்று நினைத்த காலம் அது. லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்பவர் 1873-ல் கிழக்கிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு ஒரு முழு ரயில் பெட்டியை மீன்தொட்டியாக்கிக் கொண்டுபோனார். நெப்ராஸ்காவில் எல்க்ஹார்ன் ஆற்றுப் பாலம் சரிந்து, பெட்டி ஆற்றில் விழுந்தது. ஸ்டோன் உயிர் தப்பினார். மறு ஆண்டே இன்னொரு பெட்டியோடு புறப்பட்டு, சிறுவாய் பாஸை நாப்பா ஓடை வரை கொண்டுசேர்த்தார். பேராசையால் செய்த வேலை இல்லை இது. ஆற்றில் மீன் நிறைந்தால் ஊருக்குச் சோறு என்று மனதார நம்பியவர்கள் செய்தது. அதனாலேயே அவர்களைக் குற்றவாளிகளாக நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

ராக்கி மலைகளின் மேற்குச் சரிவுக்கு இந்த மீன் வந்த கதைதான் என்னை அதிகம் உறுத்துவது. கொலராடோ மாநிலத்தின் வடமேற்கு மூலையில், ஹேடனுக்கும் கிரெய்குக்கும் இடையே, எல்க்ஹெட் ஓடையின் குறுக்கே 1974-ல் ஓர் அணை கட்டினார்கள். தேங்கிய தண்ணீர் கோடையில் சூடேறும். பனி உருகி வரும் மலை ஆற்றில் இல்லாத அந்த வெதுவெதுப்பு பாஸுக்கு வேண்டியது. 1978-ல் எல்க்ஹெட்டில் சிறுவாய் பாஸ் விடப்பட்டது. அங்கேயே இருந்திருந்தால் நல்ல மீன்பிடி ஏரி என்பதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் எல்க்ஹெட் ஓடை போய்ச் சேரும் இடம் யாம்பா ஆறு. 1992-ல் நீர்த்தேக்கத்தை வேகமாக வடித்தபோது, தண்ணீரோடு மீனும் ஆற்றில் இறங்கியது.

யாம்பா சாதாரண ஆறு இல்லை. கொலராடோ ஆற்றுப் படுகையில் பெரிய அணை எதுவும் மறிக்காமல் ஓடும் ஆறுகள் அரிது, அவற்றில் இது ஒன்று. மே, ஜூனில் பனி உருகிக் கலங்கலாகப் பெருகும். ஆகஸ்டில் இளைத்துத் தெளியும். அந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகிய மீன்கள் உலகில் வேறெங்கும் கிடையாது. அவற்றில் கொலராடோ பைக்மின்னோ ஒரு காலத்தில் ஆறடி வரை வளர்ந்தது. தாடையில் பல்லே இல்லாத வேட்டை மீன். முட்டையிட நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி யாம்பாவின் பள்ளத்தாக்குக்கு வரும். முதுகில் கூர்மையான மேடு கொண்ட ரேசர்பேக் சக்கர், திமில் வைத்த ஹம்ப்பேக் சப், மெலிந்த வால்கொண்ட போனிடெயில் ஆகியவை மற்றவை. அணைகளால் ஏற்கெனவே நலிந்துபோயிருந்த இவற்றை மீட்க 1988-லேயே அரசுகளும் தண்ணீர்ப் பயனாளிகளும் சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள்.

பாஸ் ஆற்றில் இறங்கியதும் உடனே பெருகவில்லை. குளிர்ந்த வெள்ளம் அதை அடக்கி வைத்திருந்தது. 2000-க்குப் பின் வறட்சி வந்தது. 2002-ல் பனி குறைந்து ஆறு மெலிந்தது, தண்ணீர் சீக்கிரமே சூடானது. அதன்பின் யாம்பாவில் எங்கு பார்த்தாலும் சிறுவாய் பாஸ்.

ஏன் இந்த மீன் ஜெயிக்கிறது என்பதை அதன் கூட்டில் பார்க்கலாம். தண்ணீர் ஏறக்குறைய 16 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் ஆண் மீன் கரையோரம் வந்து, வாலால் மண்ணைத் துடைத்து, சரளைக்கற்கள் தெரியும்படி தட்டு வடிவில் ஒரு குழி செய்கிறது. பெண் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன்பின் முழுப் பொறுப்பும் அப்பனுக்கு. இரவும் பகலும் குழியின் மேலேயே நின்று, முட்டையில் வண்டல் படியாதபடி துடுப்பால் விசிறும். நெருங்குவது எதுவானாலும், தன்னைவிடப் பெரிய மீனானாலும், பாய்ந்து விரட்டும். குஞ்சுகள் கறுப்பாக, ஒரு சிறு புகைமூட்டம்போல் எழுந்து மிதக்கும்போதும் அது கூடவே சுற்றிவரும். யாம்பாவின் பூர்வீக மீன்களோ முட்டைகளைச் சரளையில் இறைத்துவிட்டு ஆற்றை நம்பிப் போய்விடுபவை. பைக்மின்னோவைத் தவிர அந்த ஆற்றில் பெரிய வேட்டை மீன் இருந்ததே இல்லை. பாஸைப் பார்த்து ஒளியத் தெரியாத குஞ்சுகள் அவை.

பாஸுக்குப் பிடித்த கிரேஃபிஷும் இந்தப் படுகைக்கு வெளியிலிருந்து வந்ததுதான். அதையும் மனிதர்களே கொண்டுவந்தார்கள். விருந்தாளிக்கு முன்னாலேயே விருந்து வந்து காத்திருந்தது.

இப்போது ஆண்டுதோறும் மீன்வள ஊழியர்கள் மின்சாரம் பாய்ச்சும் படகுகளோடு யாம்பாவில் இறங்குகிறார்கள். மயங்கி மிதக்கும் மீன்களில் பூர்வீக மீனைத் தண்ணீரில் விட்டு, பாஸை அகற்றுகிறார்கள். ஆற்றில் பிடிக்கும் பாஸுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் நீர்த்தேக்கம் ஆற்றுக்குத் தொடர்ந்து மீனைக் கொடுத்துக்கொண்டிருந்தால், படகு போட்டு என்ன பயன்? 2016-ல் எல்க்ஹெட்டின் கலிங்குக்கு முன்னால் வலை கட்டினார்கள். பாஸ் பிடிக்கும் போட்டி ஒன்றையும் தொடங்கினார்கள். மிகப் பெரிய மீனுக்குப் பரிசு உண்டு. மிகச் சிறியதற்கும் உண்டு. சிறுவாய் பாஸுக்கு மாற்றாக, ஆற்றில் தலையெடுக்க முடியாத பெருவாய் பாஸை ஏரியில் விட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு மீன்பிடி இன்பம் போகக்கூடாது, ஆறும் பிழைக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை நான் மனதார மதிக்கிறேன். பிடித்த மீனைத் திரும்ப விடுவதே தர்மம் என்று பழகிய தூண்டில்காரரிடம் போய் ‘கொல்லுங்கள்’ என்று கேட்பது சுலபமில்லை. கேட்கத்தான் வேண்டும். வெள்ளைச் சதை, நல்ல ருசி. வீட்டுக்கு எடுத்துப்போனால் வீணாகாது.

எல்லா ஏரியிலும் இவ்வளவு பொறுமை காட்ட முடியவில்லை. தெற்கே, நார்வுட் பக்கம் மிராமோன்டே நீர்த்தேக்கத்தில் யாரோ திருட்டுத்தனமாகப் பாஸை விட்டுப் போனார்கள். ட்ரவுட்டுக்குப் பெயர்போன ஏரி. 2013-ல் ரோட்டினோன் என்ற தாவர நஞ்சைக் கலந்து, இருந்த மீன் அத்தனையையும் கொன்று, புதிதாக ட்ரவுட் விட்டார்கள். ரிட்ஜ்வே நீர்த்தேக்கத்திலும் அதே திருட்டு நடந்தது. அங்கே போட்டி வைத்து எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். ஷ்ரைவரின் வாளிக்கும் இந்த இரவு வாளிகளுக்கும் ஆசை ஒன்றுதான். ஆனால் 1854-ல் யாருக்கும் தெரியாத விளைவு இப்போது எல்லோருக்கும் தெரியும். ரிட்ஜ்வேயில் வாளியைக் கவிழ்த்தவரை என்னால் மன்னிக்க முடியாது.

இதற்கிடையே யூட்டா மாநிலம் 1982-ல் பவல் ஏரியிலும் சிறுவாய் பாஸை விட்டிருந்தது. கொலராடோ ஆற்றின் குறுக்கே நிற்கும் கிளென் கேன்யன் அணையின் பின்னால் தேங்கிய பிரம்மாண்ட ஏரி. நாற்பது ஆண்டுகள் மேல்மட்ட வெதுவெதுப்பான நீரில் அது வாழ்ந்தது. மின்சாரத்துக்குத் தண்ணீர் எடுக்கும் வாய்கள் வெகு ஆழத்தில், குளிரில் இருந்தன. நீண்ட வறட்சியில் ஏரி இறங்க இறங்க, வெதுவெதுப்பான நீரும் அதிலிருந்த மீனும் அந்த வாய்களை நெருங்கின. சுழலிகளைத் தாண்டிப் பிழைத்த பாஸ் அணைக்குக் கீழே வந்தது. 2022 கோடையில், அணைக்குச் சில மைல் கீழே ஒரு தேங்கல் மடுவில் அதன் குஞ்சுகளைப் பார்த்தார்கள். உடனே மடுவை மறித்தார்கள், பின்னர் ரோட்டினோன் விட்டார்கள். அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர் கீழே, லிட்டில் கொலராடோ ஆறு வந்து கலக்கும் இடத்தில்தான், உலகில் மிச்சமிருக்கும் ஹம்ப்பேக் சப்பின் மிகப் பெரிய கூட்டம் இருக்கிறது. அந்த மீன் அழிவின் விளிம்பிலிருந்து ஒரு படி மேலேறிவிட்டது என்று 2021-ல்தான் அரசு அறிவித்திருந்தது.

2024 ஜூலையில் அணையின் அடிக்குழாய்களைத் திறந்து, ஆழத்துக் குளிர்நீரை ஆற்றில் கலந்தார்கள். ஆறு 16 டிகிரியைத் தொடக்கூடாது, தொட்டால் ஆண் மீன் குழி தோண்டத் தொடங்கிவிடும் என்பதுதான் கணக்கு. அந்தக் குழாய்கள் வழியே போகும் தண்ணீர் சுழலியைச் சுற்றாது, மின்சாரம் தராது. மின்சாரத்தை வாங்கும் ஊர்களும் பழங்குடி மக்களும் அந்த இழப்பைச் சுமக்க வேண்டியிருந்தது; அவர்கள் முறையிட்டதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஆண்டு அணைக்குக் கீழே பாஸ் புதிதாகக் குஞ்சு பொரித்த தடயம் கிடைக்கவில்லை. ஏரி தாழும் ஒவ்வொரு கோடையிலும் மின்சாரமா, சப்பா என்ற கேள்வி மறுபடி வரும். மின்சாரத்தை வேறு இடத்திலிருந்து, கூடுதல் விலைக்காவது, வாங்கிவிடலாம். சப்புக்கு வேறு ஆறு இல்லை. குழாயைத் திறக்க வேண்டும், அதன் செலவை நாடு முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று சொல்பவர்கள் பக்கம்தான் நான்.