நீராவிக் கவசத்தின் பின்னால் நின்றவன்

ஜப்பானியப் பொம்மைத் தொகுதி ஒன்றை வாங்கி, அதன் வழுவழுப்பான கவசத் தகடுகளை அறுத்தெடுத்து, அவற்றின் இடத்தில் புகைபோக்கியும் கொதிகலனும் அழுத்தமானியும் பொருத்தி, விக்டோரியா மகாராணி காலத்து விஞ்ஞானக் கதையிலிருந்து நடந்து வந்தது போன்ற இயந்திரக் கவசமாக மாற்றுவது இன்று பல நாடுகளில் வளர்ந்துள்ள ஒரு கைவினை. கவசத்தின் நெஞ்சுக் கதவு திறந்திருக்கும். உள்ளே மீசை வைத்த கனவான் ஒருவர் நெம்புகோல்களைப் பிடித்தபடி அமர்ந்திருப்பார். பார்ப்போர், 'அந்தக் காலத்து மனிதர்கள் எதிர்காலத்தை இப்படித்தான் கனவு கண்டார்கள் போலும்' என்று வியப்பார்கள்.

அவர்கள் அப்படிக் கனவு காணவில்லை என்பதே வரலாறு. அவர்கள் கண்ட கனவு வேறு. அதை அறிந்துகொண்டால் இந்தப் பொம்மையின் பொருளும் மாறிவிடுகிறது.

முதலில் பொம்மையின் கதை. 1959 ஆம் ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் றொபேட் ஹைன்லைன் 'ஸ்டார்ஷிப் ட்றூப்பர்ஸ்' என்ற நாவலை வெளியிட்டார். உடலின் ஒவ்வோர் அசைவையும் பெருக்கிக் காட்டும் கவசத்தை அணிந்து போரிடும் படைவீரர்கள் அதில் வருகிறார்கள். அந்நாவலின் ஜப்பானியப் பதிப்புக்காக 'ஸ்டூடியோ நூயே' ஓவியர்கள் வரைந்த கவசத்தின் சாயல், 1979 ஏப்ரலில் யொஷியுகி தொமினோவின் இயக்கத்தில் தொடங்கிய 'மொபைல் சூட் கன்டம்' என்ற தொலைக்காட்சித் தொடரில் விழுந்தது. தொடரின் பெயரிலேயே 'சூட்', அதாவது அணியும் உடை, இருப்பதைக் கவனிக்கவேண்டும். முதல் ஒளிபரப்பில் அத்தொடர் போதிய வரவேற்பைப் பெறாமல் 43 பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. ஆனால் 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் 300 யென் விலையில் வெளியிட்ட பொருத்துப் பொம்மை அதற்கு மறுவாழ்வு தந்தது.

கதையில் அந்த இயந்திரத்தின் உயரம் 18 மீற்றர். பொம்மையின் அளவுவீதம் 1/144. ஆகவே பொம்மையின் உயரம் 12.5 சென்ரிமீற்றர். அந்த அளவில் அதை ஓட்டும் மனிதன் ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகமான துரும்பு. இப்போது அதே பொம்மையின் நெஞ்சைக் குடைந்து, இராணுவ மாதிரிப் பொம்மைகளில் வழக்கமான 1/35 அளவு மனிதன் ஒருவனை உள்ளே வைத்துப் பாருங்கள். அவனது உயரம் 5 சென்ரிமீற்றர். உடனே 18 மீற்றர் அரக்கன் 4.4 மீற்றராகச் சுருங்கி, மனிதன் உள்ளே ஏறி நிற்கக்கூடிய கவசமாகிவிடுகிறான். உருமாற்றக் கலையின் முதற் சூட்சுமம் இதுதான்: பொம்மையை மாற்றுவதற்கு முன், மனிதனை மாற்றவேண்டும்.

மற்றவை பொறுமையால் ஆகுபவை. முதுகிலுள்ள ஏவுகணைப் பொதி கொதிகலனாகும். அதன் உமிழ்வாய்கள் புகைபோக்கிகளாகும். கிற்றார்த் தந்தியும் ஈயக் கம்பியும் நீராவிக் குழாய்களாகும். பழைய கைக்கடிகாரத்தின் உட்பகுதி அழுத்தமானிக்கு உதவும். ஊசி முனையால் வைத்த பசைத் துளிகள் காய்ந்தால் ரிவெட் ஆணிகளின் தலைகளாகும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அழகுக்காக ஆணிகளை எங்கும் தூவிவிடுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்புத் தகடுகளை ஒட்டவைக்க இன்றைய வெல்டிங் இல்லை. தகட்டின் ஓரத்தின்மேல் இன்னொரு தகட்டின் ஓரத்தை ஏற்றி, துளையிட்டு, பழுக்கக் காய்ச்சிய ஆணியை உள்ளே விட்டு அடித்தார்கள். ஆகவே தகடுகள் சேரும் இடத்தில் மட்டுமே ஆணி இருக்கும். உருளைக் கொதிகலனில் நீளவாட்டு மூட்டு, சுற்றுவாட்டு மூட்டைப்போல் இருமடங்கு இழுவிசையைத் தாங்கவேண்டியிருப்பதால், நீளவாட்டில் ஆணிகள் இரட்டை வரிசையாகவும் சுற்றுவாட்டில் ஒற்றை வரிசையாகவும் வருவதே பொதுவழக்கு. நிறத்திலும் இதே கதைதான். இன்றைய பொம்மைகள் தலை முதல் கால் வரை பித்தளையாக மின்னுகின்றன. உண்மையான கொதிகலன்கள் இரும்பாலும் பின்னர் உருக்காலும் ஆனவை. பித்தளை பெரும்பாலும் குழாய் வாய்களிலும் மானிகளிலும் ஊதல்களிலும்தான் மின்னியது.

இனி அந்த இரும்பு மனிதனின் மூதாதையரைப் பார்ப்போம்.

1868 மார்ச்சில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து நியூவார்க் நகரைச் சேர்ந்த ஸடொக் டெடரிக், ஐசக் கிராஸ் ஆகிய இருவரும் நீராவி மனிதன் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். அது வெறுங் கற்பனையல்ல, செய்தும் காட்டினார்கள். அக்காலச் செய்திகளின்படி அதன் உயரம் 7 அடி 9 அங்குலம். எடை 500 இறாத்தல். வலு மூன்று குதிரைவலு. செலவு 2,000 டொலர். உடற்பகுதியே கொதிகலன். தலையிலிருந்த உயர்ந்த தொப்பியே புகைபோக்கி. வீதியில் குதிரைகள் மிரளாதிருக்க அதற்கு மனிதர்போல் உடை அணிவிக்கத் திட்டமிட்டிருந்தார்கள். இந்த நீராவி மனிதனுக்குள் மனிதன் இல்லை. அது ஒரு வண்டியை இழுத்தது. மனிதன் வண்டியில் அமர்ந்திருந்தான்.

அதே ஆண்டில் எட்வேர்ட் எலிஸ் என்பவர் 'புல்வெளிகளின் நீராவி மனிதன்' என்ற மலிவுப் பதிப்பு நாவலை எழுதினார். அதில் வரும் இயந்திரத்தின் இரும்பு முகத்துக்குக் கறுப்பு வர்ணம் பூசப்பட்டிருந்தது. அச்சமூட்டும் கண்களும் அகன்று இளிக்கும் வாயும் வைக்கப்பட்டிருந்தன. அமெரிக்காவில் அடிமைமுறையை ஒழித்த அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது 1865 டிசம்பரில். மூன்றாண்டுகள் செல்வதற்குள், கறுப்பு முகமும் நிரந்தர இளிப்பும் கொண்ட, கூலி கேளாத, களைப்பறியாத ஒருவன் வெள்ளையரின் வண்டியை இழுக்கக் கதையில் பிறந்துவிட்டான். மேற்குப் புல்வெளிகளின் பூர்வீகக் குடிகளை அச்சுறுத்துவதும் அவனது வேலையாயிற்று. கதையின் முடிவில் அவனது கொதிகலனை அளவுமீறிக் கொதிக்கவிட்டு, அம்மக்கள் மீதே ஏவி வெடிக்கச் செய்கிறார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1880 இல், பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வேர்ண் 'நீராவி வீடு' என்ற நாவலை வெளியிட்டார். இம்முறை களம் இந்தியா. 1857 கிளர்ச்சிக்குப் பின்னான காலம். இழுப்பது இரும்பு யானை, துதிக்கையே புகைபோக்கி. அது இழுத்துச் செல்லும் இரண்டு வண்டிகளும் சகல வசதிகளும் கொண்ட மாளிகைகள். அவற்றில் பயணஞ் செய்வோர் ஐரோப்பியக் கனவான்கள். ஒருவர் 1857 இல் மனைவியை இழந்து, நானா சாகிப்பைப் பழிதீர்க்கத் துடிக்கும் கேணல். யானையை ஓட்டுபவர் ஸ்டோர் என்ற ஆங்கிலேயர். அடுப்புக்கு எரிபொருள் போடுபவரோ காலூத் என்ற இந்தியர். வேர்ணின் யானையும் இறுதியில் கொதிகலன் வெடித்தே சிதறுகிறது.

இரு கதைகளும் வெடிப்பில் முடிவது தற்செயலல்ல. அது அன்றைய வாசகரின் நாளாந்த அச்சம். 1865 ஏப்ரலில் மிசிசிப்பி ஆற்றில் 'சுல்தானா' என்ற நீராவிக் கப்பலின் கொதிகலன்கள் வெடித்து ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். பிரித்தானியாவில் கொதிகலன் வெடிப்புகளை விசாரிப்பதற்கென்றே 1882 இல் தனிச்சட்டம் இயற்றவேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஒன்றைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்க எந்தக் கனவான் விரும்பியிருப்பார்?

விரும்பியிருந்தாலும் இயன்றிருக்காது. 1876 இல் அமெரிக்காவின் பிலடெல்பியாக் கண்காட்சியின் நடுவர்கள், கொதிகலனின் ஒரு குதிரைவலுவுக்கு மணித்தியாலத்துக்கு 30 இறாத்தல் நீர் ஆவியாகவேண்டும் என்று அளவு வகுத்தார்கள். அதன்படி டெடரிக்கின் மூன்று குதிரைவலு மனிதனுக்கு மணிக்கு 90 இறாத்தல் நீர் தேவை. ஏறத்தாழ 41 லீற்றர். நிலக்கரி வேறு. அத்தோடு அடுப்பைக் கவனிக்க இன்னொருவன். 1890 இல் நிக்கொலஸ் யாக்ன் என்ற ரஷ்யர், நடக்கவும் ஓடவும் துணைசெய்யும் உடற்கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றபோது அவர் நம்பியது நீராவியை அல்ல, வில்லையே. நீராவி எந்திரத்தை முதுகில் சுமக்கும் 'பெடோமோட்டர்' என்ற கருவிக்கு அமெரிக்கரான லெஸ்லி கெலி காப்புரிமை பெற்றது 1919 இல். மகாராணி மறைந்து பதினெட்டு ஆண்டுகள் கழிந்தபின். 1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் மின்சாரமும் நீர்மவிசையும் கொண்டு உருவாக்கத் தொடங்கிய 'ஹார்டிமன்' கவசம்கூட 680 கிலோகிராம் எடையோடு, கட்டுக்கடங்காமல் உதறியதால், முழுமையாக இயங்கும் நிலையில் மனிதனை ஏற்றாமலே கைவிடப்பட்டது.

ஆயினும் மகாராணி காலத்தில் ஒருவர் மட்டும் இயந்திரத்தை உடையாக நினைத்துப் பார்த்தார். எச்.ஜி. வெல்ஸ். 1897 இல் தொடராகவும் 1898 இல் நூலாகவும் வெளிவந்த 'உலகங்களின் போர்' நாவலில் செவ்வாய்க் கிரகவாசிகள் மூன்று கால் இயந்திரங்களில் வருகிறார்கள். தேவைக்கேற்ப உடல்களை மாற்றி அணிவதாக, நாம் உடை அணிவதோடு ஒப்பிட்டே வெல்ஸ் அதை விளக்குகிறார். இயந்திரக் கவசத்தின் உண்மையான விக்டோரியக் கரு இதுவே. ஆனால் அந்தக் கவசத்துக்குள் ஆங்கிலேயன் இல்லை. அவன் கீழே ஓடிக்கொண்டிருக்கிறான். நாவலின் முதல் அத்தியாயத்திலேயே வெல்ஸ் தஸ்மேனியாவை நினைவூட்டுகிறார்: நாம் அம்மக்களுக்குச் செய்ததை இவர்கள் நமக்குச் செய்தால் முறையிட என்ன உரிமை என்பது அவர் வாதம். தஸ்மேனியர் முற்றாக அழிந்துவிட்டதாக அவர் எழுதியது பிழை. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள். வாதம் பிழையல்ல.

ஆக, விக்டோரியக் காலத்தவர் கற்பனையில் இயந்திரம் இரண்டே வடிவங்களில் நடந்தது. ஒன்று, எசமானின் வண்டியை இழுக்கும் அடிமை. மற்றது, எசமானையே மிதிக்க வரும் அந்நியன். கனவான் தானே கவசத்துக்குள் ஏறி உலாப்போகும் காட்சி பிற்காலத்தின் சேர்க்கை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னான அமெரிக்க நாவலும் ஜப்பானியத் தொலைக்காட்சியும் அதற்கு உடல் தந்தன. 1987 இல் கே.டபிள்யூ. ஜீற்றர் என்ற எழுத்தாளர் 'லோகஸ்' சஞ்சிகைக்கு எழுதிய கடிதத்தில் அரைவிளையாட்டாகச் சூட்டிய 'ஸ்டீம்பங்க்' என்ற பெயர் அதற்குப் பித்தளை மெருகு தந்தது.

இதனால் அந்தக் கைவினை பழுதுபட்டுவிடாது. பெட்டிக்குள் அடைபட்ட மின்னணுத் தகடுகளின் யுகத்தில், தண்டு சுழல்வதும் சக்கரம் திரும்புவதும் கண்ணுக்குத் தெரியும் ஓர் இயந்திரத்தை மனம் நாடுவது இயல்பு. ஆனால் அந்தச் சக்கரங்களைச் சுழற்றிய கரியை யார் வாரிப் போட்டார் என்பதை மட்டும் பொம்மை சொல்வதில்லை. வேர்ணுக்கு அது தெரிந்திருந்தது. காலூத்துக்குப் பெயராவது கொடுத்தார். பிரித்தானிய வர்த்தகக் கப்பல்களின் அடித்தளத்தில், தகிக்கும் அடுப்புகளின் முன் நின்ற தெற்காசியத் தொழிலாளர் பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

எனவே இந்தக் கலையில் ஈடுபடுவோருக்கு ஒரு யோசனை. கவசத்துக்குள் கனவானை அமர்த்துங்கள். கூடவே அதன் முதுகுப்புறத்தில், அடுப்பு வாசலருகே, இன்னொருவனையும் நிறுத்துங்கள். கரி தள்ளுபவன் பொம்மைக் கடையில் எளிதில் கிடைக்கமாட்டான். 1/35 அளவுப் படைவீரன் ஒருவனை எடுத்து, கையிலுள்ள துப்பாக்கியை வெட்டிவிட்டு, அதே அளவிலான இராணுவ வாகனத் தொகுதிகளில் வரும் சவள் ஒன்றைக் கொடுத்தால் போதும். சீருடையின் மேற்சட்டையையும் சுரண்டிவிடுங்கள். அந்த வெக்கையில் யாரும் சட்டை அணிந்து நின்றிருக்க முடியாது.